தீப்பிடிக்க மறுக்கும் காடு

எரிக்கும் பருவத்தில் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது காற்றின் ஈரப்பதம். வெப்பநிலையும் காற்றின் திசையும் அதற்குப் பிறகுதான். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலே இருந்தால் புல் புகையுமே தவிர எரியாது. 25க்குக் கீழே போனால், எரிவதை நம்மால் நிறுத்த முடியாது. இரண்டுக்கும் நடுவே ஈரப்பதம் நிற்க வேண்டும். மணிக்கு 5 முதல் 15 மைல் வேகத்தில் ஒரே திசையில் காற்றும் வீச வேண்டும். புகை தரையில் படியாமல் மேலே ஏறிக் கலைய வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் அது எங்களுக்கு வேலை நாள். வடக்கு இல்லினாயில் அப்படிப்பட்ட நாட்கள் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கொஞ்சம் கிடைக்கும். மார்ச்சிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை கொஞ்சம் கிடைக்கும். மீதி நாட்கள் மழைக்கும் பனிக்கும் தப்பான திசைக் காற்றுக்கும் போய்விடும். தீ வைப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்குக் காத்திருப்பதுதான் பெரும்பகுதி வேலை.

தாவரவியல் படிக்க அமெரிக்கா வந்தவன் நான். படிப்பு முடிந்ததும் சிகாகோவுக்கு மேற்கே, சீரழிந்த நிலங்களை மீட்டெடுக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கூலியாளாகச் சேர்ந்தேன். கோடையில் களை வெட்டுவது, இலையுதிர் காலத்தில் விதை சேகரிப்பது, எரிக்கும் பருவத்தில் முதுகில் தண்ணீர் சுமப்பது. இப்போது எரிப்பை முன்னின்று நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். 'பர்ன் பாஸ்' என்பது இங்கே அந்தப் பொறுப்பின் பெயர். ஊரில் அம்மாவிடம் முதன்முதலில் இதைச் சொன்னபோது, "ஏண்டா, படிக்கப் போனவன் காட்டுக்குத் தீ வெக்கிறேங்கறியே, போலீஸ் புடிக்காதா?" என்று கேட்டார். "கவர்மெண்டுல பர்மிட் வாங்கித்தாம்மா வெக்கிறோம்" என்றேன். "கவர்மெண்டே வெக்கச் சொல்லுதா?" என்று அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. நியாயமான சந்தேகம்தான். அமெரிக்க அரசும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைக் காட்டுத்தீயை எங்கே கண்டாலும் அணைப்பதில்தான் கழித்தது.

இல்லினாய்க்கு 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர். வெள்ளையர் வந்து குடியேறும் முன் இங்கே ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரிப் புல்வெளி இருந்தது. கலப்பை படாமல், பழைய செழிப்போடு இன்று மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். அதிலும் பல துண்டுகள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் கிராண்ட் டிட்டூர் என்ற சிற்றூரில் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். பிரெய்ரியின் ஒட்டும் கருமண் அதில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் புல்வெளி மக்காச்சோளக்காடாகிவிட்டது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். உழாமல் விட்ட நிலமும் பிழைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கொன்றது தீ இல்லாமை.

இந்தப் பக்கம் மின்னல் பெரும்பாலும் மழையோடு வரும். அதுவும் புல் பச்சையாக இருக்கும் கோடையில். ஆகவே இங்கே பரவிய தீயில் பெரும்பகுதி மனிதர் வைத்தது. 1680 வாக்கில் இவ்வழியே வந்த லூயி ஹென்னப்பின் என்ற பாதிரியார், மயாமி பழங்குடி மக்கள் இலையுதிர் காலத்தில் புல்லைச் சுற்றித் தீ வைத்து, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டு, அவ்வழியே வெளியேறும் பைசன் காட்டெருமைகளை வேட்டையாடியதை எழுதியிருக்கிறார். வேட்டைக்கு, வழி தெளிவாக்க, புதுப்புல் தளிர்க்க என்று பல காரணங்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக எரித்தார்கள். 1833இன் சிகாகோ ஒப்பந்தத்தில் பொட்டவாட்டமி மக்கள் இங்கே மிச்சமிருந்த நிலத்தையும் இழந்து, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். அவர்கள் தீக்கல்லோடு செய்ததை இன்று நாங்கள் பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதி, கையெழுத்து வாங்கி, காப்பீடு எடுத்துச் செய்கிறோம். அவர்கள் அளவுக்கு நன்றாகச் செய்கிறோம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

வெள்ளையர் இந்த எரிப்பைக் கற்றுக்கொள்ள நூறு வருடம் பிடித்தது. விஸ்கான்சினின் மேடிசன் நகரில், பல்கலைக்கழகத்தின் மரப்பூங்காவில், 1930களில் ஒரு பழைய குதிரை மேய்ச்சல் நிலத்தைப் பிரெய்ரியாக மாற்ற முயன்றார்கள். உலகில் அப்படி நடந்த முதல் முயற்சி அதுதான் என்பார்கள். சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் அதற்குத் தூண்டுகோல். வேலையில்லாத் திண்டாட்டக் காலத்து அரசு முகாம் இளைஞர்கள் உழைத்தார்கள். தியோடர் ஸ்பெர்ரி நடவை நடத்தினார். வேரோடு பெயர்த்து வந்து நட்ட செடிகள் நட்டபடி இருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து வந்த புளூகிராஸ் என்ற புல் எங்கும் பரவி எல்லாவற்றையும் அமுக்கியது. 1940களில் தாவரவியலாளர்கள் ஜான் கர்டிஸும் மாக்ஸ் பார்ட்ச்சும் அங்கே சிறு சிறு பாத்திகளை எரித்துப் பார்த்தார்கள். எரித்த இடத்தில் புளூகிராஸ் ஒடுங்கியது. பிரெய்ரிச் செடிகள் எழுந்தன. அந்த முடிவுகள் 1948இல் அச்சேறின. அதே வருடம் ஏப்ரல் 21ஆம் தேதி, பக்கத்துப் பண்ணையில் பரவிய புல் தீயை அணைக்கப் போன லியோபோல்ட் மாரடைப்பில் இறந்தார். எங்கள் பயிற்சி வகுப்புகளில் இந்தச் செய்தியைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது. எல்லோரும் அதைச் சொல்லிவிட்டு, "தண்ணீர் குடியுங்கள், இளைப்பாறுங்கள்" என்று முடிப்பார்கள்.

எரிக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

களத்தில் காலை பத்து மணிக்குக் கூடுவோம். இரவுப் பனி காயப் பதினொன்று ஆகிவிடும். எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர்வரை. தீயைத் தாங்கும் மஞ்சள் நோமெக்ஸ் சட்டை, தலைக்கவசம், தோல் கையுறை, தோல் பூட்ஸ். வருகிறவர்கள் எஸ்-130, எஸ்-190 என்ற இரண்டு அடிப்படைப் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். பல இடங்களில், 25 பவுண்டு சுமையோடு 2 மைலை 30 நிமிடத்துக்குள் நடந்தும் காட்ட வேண்டும். ஓடினால் கணக்கில் சேராது. வரைபடத்தை வண்டியின் பானட் மேல் விரித்து, எங்கே தொடங்குவோம், யார் எந்தப் பக்கம், தப்பிக்கும் வழி எது, தண்ணீர் எங்கே, பக்கத்து மருத்துவமனை எது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். தீயணைப்பு நிலையத்துக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முன்பே சொல்லியிருப்போம். சொன்னாலும் யாராவது ஒருவர் அவசர எண்ணை அழைத்தே தீர்வார்.

கருவிகள் எளியவை. 'டிரிப் டார்ச்' என்பது மூக்கு நீண்ட ஒரு தகரக் குடுவை. மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல். சாய்த்துப் பிடித்து நடந்தால் எரியும் சொட்டுகள் தரையில் விழுந்துகொண்டே வரும். 'ஃப்ளாப்பர்' என்பது நீண்ட காம்பின் நுனியில் கட்டிய தடித்த ரப்பர் பட்டை. புதிதாக வருகிறவர்கள் அதை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். பொறி நாலாபக்கமும் தெறிக்கும். தீயின் மேல் அழுத்தி வைத்து, காற்றை அடைத்து, அணைய விட வேண்டும். முதுகுப் பம்பில் ஐந்து காலன் தண்ணீர், ஏறத்தாழ இருபது கிலோ. சின்ன வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும். காட்டு வேலைக்கு இலை ஊதும் இயந்திரம்.

முதலில் ஒரு மூலையில் சோதனைத் தீ. புகை எப்படி எழுகிறது, தீ எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்ப்போம். மனதுக்குச் சரிப்படாவிட்டால் அதை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வாரம் திட்டமிட்டு, அத்தனை பேரையும் கூட்டி, கடைசியில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல பர்ன் பாஸ். சரிப்பட்டால், காற்று போய்ச் சேரும் எல்லையில், தீத்தடுப்புக் கோட்டை ஒட்டி எதிர்த்தீ வைப்போம். அது காற்றை எதிர்த்து, முழங்கால் உயரத்தில், மெல்ல ஊர்ந்து உள்ளே வரும். நாளின் பெரும்பகுதி இதற்கே போகும். கருகிய பட்டை போதிய அகலம் ஆனதும் இரண்டு பக்கவாட்டிலும் வைத்துக்கொண்டு போய், கடைசியில் காற்று வரும் பக்கத்தை இணைப்போம். அப்போது தீ காற்றோடு ஓடும். பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதன் காய்ந்த தாள்களில் பற்றும் தீ அதைவிட உயரமாக எழும். கரும்புத் தோட்டத்தில் சோகை எரியும்போது வரும் சத்தத்தைக் கேட்டவர்கள், அதைப் பல மடங்காக்கிக்கொள்ளலாம். சில நிமிடத்தில் எல்லாம் முடிந்து, முன்னே வைத்த கரும்பட்டையில் முட்டித் தானாக அணையும். படம் எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தச் சில நிமிடத்தைத்தான் எடுக்கிறார்கள். என் வேலையில் மிக எளிய பகுதி அதுதான்.

சரி, எரித்தால் என்ன ஆகிறது?

பிரெய்ரிப் புற்களும் பெரும்பாலான பூச்செடிகளும் பல்லாண்டு வாழ்பவை. அவற்றின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. வளர் மொட்டுகள் மண்மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்கும். சிலவற்றின் வேர்கள் பத்தடிக்கும் மேலே ஆழம் போகும். புல் தீ ஓர் இடத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓரங்குலம் கீழே மண்ணின் சூடு ஏறுவதே அரிது. எரிவது போன வருடத்துச் செத்த தாள் மட்டுமே. இலைகளில் பசுமை ஏறாத காலத்தில் எரிப்பதால் செடிக்கு இழப்பு ஏதுமில்லை. ஆனால் வசந்தத் தொடக்கத்திலேயே பச்சை பிடிக்கும் புளூகிராஸும் புரோம் புல்லும் ஏப்ரலில் தளிர்விட்டு நிற்கும். அவற்றுக்குத்தான் அடி விழும்.

சாம்பல் உரமாகிறது, அதனால்தான் செழிக்கிறது என்று நம்மவர்களுக்கு உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. சாம்பலில் கொஞ்சம் சத்து உண்டுதான். ஆனால் தாளில் இருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. கன்சாஸ் மாநிலத்தின் கான்சா பிரெய்ரியில் நடந்த ஆய்வுகள் வேறு காரணத்தைக் காட்டின. எரிக்காமல் விட்டால் செத்த தாள் வருடத்துக்கு வருடம் குவிந்து, வெளிச்சத்தை மறைத்து, மண்ணைக் குளிரவைத்து, மழைநீரையும் தானே பிடித்துக்கொள்கிறது. அதை நீக்கினால் கருத்த மண்ணில் வெயில் நேராக விழுகிறது. மண் சீக்கிரம் சூடாகிறது. தளிர் முந்தி வருகிறது. எரித்த வருடத்தில் புற்கள் கதிர்விடுவதும் பூச்செடிகள் பூப்பதும் கண்ணுக்குத் தெரிந்தே கூடும்.

அப்படியானால் வருடா வருடம் எரித்துவிடலாமே? கான்சாவில் 1, 2, 4, 20 ஆண்டு இடைவெளிகளில் வெவ்வேறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பல பத்தாண்டுகளாக எரித்து வருகிறார்கள். வருடந்தோறும் வசந்தத்தில் எரிக்கும் பகுதிகளில் உயரமான புற்களே மேலோங்கி, பூச்செடிகள் குறைந்தன. நீண்ட காலம் எரிக்காத பகுதிகளில் புதர் ஏறி, புல்வெளி என்ற அடையாளமே போனது. எரிப்பதோடு பைசனும் மேய்ந்த இடங்களில்தான் செடிவகை மிகுந்தது. பைசன் புல்லை விரும்பித் தின்று பூச்செடிக்கு இடம் விடுகிறது. பைசன் வளர்க்க இடமில்லாத இல்லினாய்த் துண்டு நிலங்களில் எங்களுக்குக் கையிலிருப்பது காலக்கணக்கு ஒன்றுதான்: இரண்டு வருடம், மூன்று வருடம், ஒருமுறை வசந்தம், ஒருமுறை இலையுதிர் காலம் என்று மாற்றி மாற்றி வைப்பது. ஒரே தேதியில் ஒரே நிலத்தை ஆண்டுதோறும் எரிக்கச் சொல்லும் திட்டத்தைக் கண்டால், அது நிலத்தைப் பார்க்காமல் எழுதியது என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

தீ களைக்கும் துணைபோகும் என்பதற்கு ஸ்வீட் குளோவர் நல்ல உதாரணம். தேனீக்காகவும் தீவனத்துக்காகவும் கொண்டுவந்த ஈராண்டுச் செடி. ஒரு வசந்தத்தில் எரித்தால் மண்ணில் உறங்கும் அதன் கெட்டித் தோல் விதைகள் விழித்து, கூட்டம் கூட்டமாக முளைக்கும். அதோடு விட்டுவிட்டால் அடுத்த வருடம் நிலமே மஞ்சளும் வெள்ளையுமாக அதன் பூதான். மறுவருடம் மே மாதத்தில், அது எழுந்து நிற்கும்போது மறுபடி எரித்தால் பூக்கும் முன் மடியும். முதல் வருடம் எரிக்கப் பணம் கொடுத்த நில உரிமையாளர் இரண்டாம் வருடமும் கொடுக்க வேண்டும். அங்கேதான் பல திட்டங்கள் நின்றுபோகின்றன.

இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த மரியாதை உள்ள எதிர்வாதம் பூச்சி அறிஞர்களுடையது. செடிக்கு உயிர் மண்ணுக்குள், பூச்சிக்கு அப்படியில்லை. ரீகல் ஃபிரிட்டிலரி என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி, முட்டையிலிருந்து வெளிவந்த நுண்ணிய புழுவாகவே சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. எரித்தால் அங்கிருப்பது அழியும். ராட்டில்ஸ்னேக் மாஸ்டர் என்ற செடியின் தண்டையும் வேரையும் மட்டுமே தின்று வாழும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் முட்டைகள் குளிர்காலம் முழுக்கச் சருகில் கிடக்கும். ஒருகாலத்தில் எல்லையற்ற புல்வெளி இருந்தது. ஒரு பக்கம் எரிந்தால் இன்னொரு பக்கத்திலிருந்து பூச்சி பறந்து வரும். சுற்றிலும் மக்காச்சோளமும் வீடுகளும் உள்ள முப்பது ஏக்கரை முழுதாக எரித்தால் எங்கிருந்து வரும்? "பூச்சி தானே, வந்துவிடும்" என்று சொல்லும் சகதொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான் ஒருநாளும் ஒரு நிலத்தை முழுதாக எரிப்பதில்லை. பாதியாவது விட்டுவைப்பேன். எரியும் பகுதிக்குள்ளும் ஈரமான பள்ளங்கள் எரியாமல் தப்பினால், அவற்றைத் தேடிப்போய் மறுபடி கொளுத்த விடமாட்டேன். மூலைமுடுக்கெல்லாம் கருகியிருந்தால்தான் நல்ல எரிப்பு என்று நினைப்பது வீண் பெருமை. ஆமைகள் விஷயத்திலும் அப்படியே. அலங்காரப் பெட்டி ஆமைகள் குளிர்காலத்தில் மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஏப்ரலில் மேலே வரத் தொடங்கும். அவை இருக்கும் மணற்பாங்கான நிலங்களில், அதற்கு முன்பே எரித்து முடித்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது புல்வெளி. அங்கே தீ வைப்பது எளிது, வைத்ததும் பற்றும். என் கவலையெல்லாம் ஓக் காட்டைப் பற்றியது.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பிரெய்ரியும் காடும் சந்தித்த இடங்களில், அகலமாகக் கிளை விரித்த ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. அடியில் புல்லும் பூவும். சவானா என்பது இதைத்தான். 1985 நிலவரப்படி எடுத்த ஒரு கணக்கில், பழைய பரப்பில் நல்ல நிலையில் எஞ்சியது 0.02 சதவீதம். அதாவது ஐயாயிரம் ஏக்கருக்கு ஓர் ஏக்கர். கலப்பை இதில் கொஞ்சம் தின்றது. கணிசமான பகுதி வெட்டப்படாமலேயே காணாமல் போனது. 1849இல் சிறுவனாக விஸ்கான்சினுக்கு வந்த இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர், குடியேறிகள் தீயை நிறுத்தியதும் திறந்த ஓக் வெளிகள் அடர்காடாக மூடிக்கொண்டதைத் தன் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரு மனிதன் வளர்ந்து ஆளாகும் காலத்துக்குள் அது நடந்து முடிந்துவிட்டது.

பர் ஓக்கைப் பார்த்தால் தீக்காகவே வளர்ந்த மரம் என்று தெரியும். பட்டை தக்கையாய்த் தடித்து, பிளவு பிளவாக இருக்கும். சிறு கிளைகளில்கூடத் தக்கை விளிம்பு ஓடும். முளைத்த முதல் கோடையிலேயே ஆணிவேர் சில அடி ஆழம் இறங்கிவிடும். மேலே உள்ள தண்டு எரிந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த தீயில் அதுவும் எரியும், மறுபடி துளிர்க்கும். மேலே விரல் பருமன் குச்சியும் கீழே பல பத்தாண்டு பழைய வேர்க்கட்டையுமாக இருக்கும். தீ சில வருடம் வராமல் போனால் அது சட்டென்று உயர்ந்து, தீக்கு எட்டாத மரமாகிவிடும்.

இலையும் அப்படித்தான். ஓக் இலை காய்ந்தால் சுருண்டு வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று காற்றோட்டமாகக் கிடக்கும், சீக்கிரம் மக்காது. மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் காய்ந்தாலே தீப்பிடிக்கும். சுகர் மேப்பிள் இலை தட்டையாகப் படியும். ஈரத்தை அடியில் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோடைக்குள் மக்கிவிடும். தீ நின்ற காட்டுக்குள் நிழலில் வளரத் தெரிந்த மேப்பிளும் பாஸ்வுட்டும் நுழைகின்றன. அவற்றின் நிழலில் தரை குளிர்ந்து ஈரமாகிறது. அவற்றின் இலை தீயை அடக்குகிறது. அதனால் இன்னும் மேப்பிள் வருகிறது. ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும்; அந்த நிழலில் அது இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். மேலே இருநூறு வயது ஓக் மரங்கள் கம்பீரமாக நிற்கும்; கீழே தேடினால் ஓர் ஓக் வாரிசு இருக்காது. பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு அழகான பழைய காடு" என்பார்கள். எனக்கு அது வாரிசில்லாத வீடாகத்தான் தெரியும்.

இதற்கு மேல் ஐரோப்பிய பக்தார்ன். தோட்ட வேலிக்காகக் கொண்டுவந்த புதர்மரம். பறவைகள் அதன் பழத்தைத் தின்று எங்கும் விதைக்கின்றன. இலையுதிர் காலத்தில் மற்ற மரங்கள் இலை உதிர்த்த பின்னும் நவம்பர்வரை பச்சையாக நிற்கும். அதன் அடியில் வெற்று மண்தான். எரிய எதுவும் இல்லை. டிரிப் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்தார்ன் காட்டுக்குள் நடந்தால், சொட்டிய எண்ணெய் மட்டும் எரிந்து அணையும். தீ வேண்டிய காடு தீயை ஏற்க மறுக்கிறது.

ஆகவே ஓக் காட்டில் எங்கள் முதல் கருவி ரம்பம். குளிர்காலம் முழுக்க பக்தார்னை வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவி, வெட்டியதைக் குவித்து எரிப்போம். மருந்து தடவாத கட்டை அடுத்த வருடம் பத்துக் கிளையாக எழும். இளம் மேப்பிள்களையும் கொஞ்சம் குறைப்போம். வெளிச்சம் தரைக்கு வந்த பிறகு பாட்டில்பிரஷ் புல், காட்டுக் கோரைகள் போன்றவற்றின் விதையைத் தூவுவோம். ஓரிரு வருடத்தில் ஓக் இலையும் இந்த மெல்லிய புல்லும் சேர்ந்து தீயைக் கடத்தும் அளவுக்குப் படியும். அப்போதுதான் காட்டில் எரிப்பு என்பதே சாத்தியம்.

அந்த எரிப்பைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கணுக்கால் உயரத் தீ. கொஞ்சம் ஓடும், நிற்கும், ஒரு கட்டையைச் சுற்றிக்கொண்டு போகும், ஈரம் கண்ட இடத்தில் அணையும். இலை ஊதும் இயந்திரத்தால் கனிம மண் தெரியும்வரை ஒதுக்கிய ஒரு நடைபாதையே அதற்குப் போதிய தடுப்பு. எரிப்பது எளிது, பிறகுதான் சங்கடம். உள்ளே பொந்து விழுந்த பழைய ஓக் ஒன்றின் அடியில் பொறி புகுந்தால், அது புகைபோக்கியாகி இரவு முழுக்க உள்ளுக்குள் எரியும். ஆகவே எரிக்கும் முன்பே வயதான மரங்களின் அடியைச் சுற்றிச் சருகைக் கூட்டி அப்புறப்படுத்துகிறோம். பாய்ஸன் ஐவி கொடி ஏறிய மரங்களையும் குறித்து வைப்போம்; அதன் புகையை உள்ளிழுத்தால் நுரையீரல் புண்ணாகும். மாலையில், எல்லோரும் களைத்த பிறகு, ஒவ்வொரு புகையும் கட்டையைத் தேடித் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்ப்பது அலுப்பான வேலை. விபத்து நேர்வது அந்த அலுப்பில்தான்.

எவ்வளவு அடிக்கடி எரிப்பது என்ற கேள்வி காட்டில் இன்னும் சிக்கலானது. மினசோட்டாவின் சீடர் கிரீக்கில் 1964 முதல் ஓக் நிலங்களை வெவ்வேறு இடைவெளியில் எரித்து வருகிறார்கள். அடிக்கடி எரித்த பகுதிகளில் மரங்கள் குறைந்து, புல்லும் பூச்செடியும் விரிந்து, திறந்த சவானா உருவானது. எரிக்காத பகுதிகள் அடர்ந்து மூடின. ஆனால் இளம் ஓக் தீக்கு எட்டாத உயரம் போக அதற்குச் சில வருட விடுமுறை வேண்டும். விடாமல் எரித்துக்கொண்டே இருந்தால் அது என்றென்றும் விரல் பருமன் குச்சிதான். அதனால் கன்றுகள் திரண்டு நிற்கும் இடத்தைக் கண்டால் அந்தத் துண்டை மட்டும் கோட்டுக்கு வெளியே விடுவேன். வெள்ளை ஓக் மிகுதியாகக் காய்த்த வருடத்திலும் அந்த இலையுதிர் காலத்தில் அங்கே தீ இல்லை; அதன் காய் விழுந்தவுடனே வேர்விடும், தீ பட்டால் பொசுங்கும். மீதியை மான்கள் பார்த்துக்கொள்ளும். இந்தப் புறநகர்க் காடுகளில் தீயைவிட மான்தான் ஓக் கன்றுக்குப் பெரிய எதிரி என்று சில நாள் தோன்றும்.

எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தாது. 1913இல் ஹென்றி கிளீசன் என்ற தாவரவியலாளர், மத்திய மேற்கில் அடர்காடுகள் பெரும்பாலும் ஆறுகளின் கிழக்குக் கரையில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். மேற்கிலிருந்து காற்றோடு வந்த பிரெய்ரித் தீயை ஆறு தடுத்தது; அதற்கப்பால் மேப்பிளும் பாஸ்வுட்டும் எரியாமல் வளர்ந்தன. அப்படிப்பட்ட ஈரக் காட்டில் தீ வைப்பது அநியாயம். எரிப்பதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு எல்லா நிலமும் எரிக்க வேண்டிய நிலமாகத் தெரியும் நோய் ஒன்று உண்டு; நான் அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மக்கள் எதிர்ப்பும் இல்லாமலில்லை. சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில், 1977 முதல் தன்னார்வலர்கள் ஸ்டீவ் பேக்கர்டின் முன்முயற்சியில் சிகாகோ ஆற்றின் வடகிளையோரம் பிரெய்ரிகளையும் ஓக் காடுகளையும் மீட்டு வந்தார்கள். "மரத்தை வெட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள், மருந்தடிக்கிறார்கள்" என்று சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழ, 1996இல் மீட்புப் பணிகளுக்கே தடை வந்தது. அது படிப்படியாக விலக வருடங்கள் பிடித்தன. எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் எங்கள் வட்டத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பச்சையாக இருந்ததை ஒருவன் வெட்டினால் யாருக்கும் கோபம் வரும். முன்கூட்டிக் கதவைத் தட்டிச் சொல்லாதது வெட்டியவர்கள் குறை. இன்று அதே வட்டாரத்தின் சோம் பிரெய்ரி குரோவ், முறையாக எரித்து, விதைத்து வளர்த்த சவானா எப்படி இருக்கும் என்று காட்ட நான் ஆட்களை அழைத்துப் போகும் இடம். அருகிப்போன வெள்ளைப் பிரெய்ரி ஆர்க்கிட் அங்கே பூக்கிறது. அதன் மகரந்தத்தைப் பல் குத்தும் குச்சியால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தன்னார்வலர்கள் எடுத்து வைக்கிறார்கள். சிவப்புத் தலை மரங்கொத்திக்கும் இப்படித் திறந்த, பட்ட மரம் நிற்கும் ஓக் வெளிதான் பிடித்தமான வீடு.

சிகாகோ புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் நடை போகும் வனக் காப்பகப் பாதைகளின் ஓரத்தில்தான் இந்த வேலை நடக்கிறது. எரிப்பில் பங்கெடுக்கப் பயிற்சியும் சான்றும் வேண்டும். பக்தார்ன் வெட்டிக் குவித்து எரிக்கும் குளிர்கால வார இறுதி வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் எதுவும் வேண்டாம். கத்தரியும் ரம்பமும் அங்கேயே தருவார்கள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பாலியெஸ்டர் ஜாக்கெட்டை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியோ கம்பளியோ போட்டுக்கொண்டு வாருங்கள்.